ஒரு பக்கம் காடு, மறுபக்கம் குச்சி: புதுக்கன்றின் கோணல் வளர்ச்சிக்கு என்ன வழி?

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு விற்ற காசு கைக்கு வந்தால், அதற்காக வரிசையாக ஆள் நிற்கும். கடைக் கடன், பிள்ளைகளின் படிப்பு, அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு. அதிலும் மிச்சம் பிடித்து, வில்பட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆறு பேரி ஒட்டுக்கன்றுகள் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டு நிலத்தில் நட்டது. அந்த வீட்டு மருமகள் கேட்டிருக்கும் கேள்வி இது:

“ஆறில் நாலு கன்று ஒழுங்காக இருக்கிறது. ரெண்டு மட்டும் கோணல். ஒன்றில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பிரிந்த ஒரு கிளை ஆளுயரம் போய்விட்டது. நடுத்தண்டு அப்படியே நிற்கிறது. இன்னொன்றில் கிழக்குப் பக்கக் கிளை மட்டும் ஓடுகிறது. மேற்குப் பக்கம் முழங்கை நீளத்தில் ரெண்டு குச்சிதான். அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் வரிசை இருக்கிறது. பெரிய கிளையை வெட்டி எறிந்தால் சின்னது தானாக வரும் என்கிறார் வீட்டுக்காரர். ‘கத்தியை எடுக்காதீங்க, வளர்ற பிள்ளை வளரட்டும்’ என்கிறார் மாமா. யார் சொல்வதைக் கேட்பது?”

இது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. பேரி மரம் காய்ப்புக்கு வர நாலைந்து ஆண்டு ஆகும். ஒரு பக்கம் மட்டும் கனத்த மரம், நிறையக் காய் பிடிக்கிற முதல் ஆண்டில், ஆடிக் காற்றில் கவையோடு கிழியும். அப்போது போவது ஒரு கிளை மட்டும் இல்லை. அத்தனை ஆண்டு காத்திருப்பும் போகும். கன்று பென்சில் தடிமனில் இருக்கும்போது ஒரு சணல் கயிற்றால் முடிகிற வேலை, பிறகு ரம்பம் கொண்டு வந்தாலும் முடியாது.

வீட்டுக்காரர் சொல்வதும் மாமனார் சொல்வதும் பாதிப் பாதி சரி. எந்த மரத்துக்கு எது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் உட்கார்ந்து மரத்தைப் பார்க்க வேண்டும்.

கத்திக்கு முன்னால் கண்

கோணலுக்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு போனால் எதுவும் விட்டுப்போகாது.

*வேர்:* பாலித்தீன் பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர், பையின் அடியில் சுருண்டு வளையமாகிவிடும். நடும்போது அந்தச் சுருளைப் பிரித்துவிடாமல் அப்படியே குழியில் இறக்கியிருந்தால், வேர் ஒரு பக்கம் மட்டுமே மண்ணைப் பிடிக்கும். பல மரங்களில் எந்தப் பக்கம் வேர் ஓடுகிறதோ, அந்தப் பக்கத்துக் கிளைக்குத்தான் முதலில் தண்ணீரும் சத்தும் போகும். மரத்தை லேசாக அசைத்துப் பார்க்கலாம். இரண்டு ஆண்டு ஆகியும் தூர் ஆடினால் வேரில்தான் சிக்கல். படிக்கட்டு நிலத்தில் மழைக்கு ஓர விளிம்பு சரிந்து, அந்தப் பக்கத்து வேர் வெளியே தெரிவதும் உண்டு. அப்படியானால் முதல் வேலை கல் அடுக்கி மண் அணைப்பது; கிளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*ஒட்டு:* வேர்ச்செடியும் மேல்செடியும் சேர்ந்த இடம் தண்டில் சற்றே புடைத்தோ, வளைந்தோ, பட்டை நிறம் மாறியோ தெரியும். அதற்குக் கீழே கிளம்பும் எந்தக் கிளையும் வாங்கிய ரகம் அல்ல. அது வேர்ச்செடியின் கிளை. ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடாவை எடுக்காமல் விட்டிருந்தால், தண்டு பருக்கும்போது அது உள்ளே அழுந்தி கழுத்தை நெரிக்கும். நாடாவுக்கு மேல் தண்டு வீங்கியிருக்கும், கொழுந்து நின்றுபோகும். இதைக் கண்டதும் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட வேண்டும். இதற்குக் காலம் பார்க்கத் தேவையில்லை.

*தண்டும் பட்டையும்:* மெலிந்த கிளையின் அடியில் துளை, மரத்தூள் போன்ற கழிவு, வெடித்த பட்டை, கறுத்த பகுதி இருக்கிறதா? துளைப்பானோ நோயோ இருந்தால் அந்தக் கிளையை என்ன செய்தாலும் தேறாது. காட்டுமாடு நடமாடும் பகுதியில், அது கொழுந்தைக் கடித்தோ உடம்பைத் தேய்த்தோ ஒரு பக்கத்தை ஒடித்திருக்கலாம். வேலி போடாமல் கிளையைத் திருத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

*வெளிச்சம்:* மெலிந்த பக்கத்துக்கு நேரே நிழல் எங்கிருந்து விழுகிறது என்று காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் வெயில் படுகிற நேரமே குறைவு. அதில் ஒரு சில்வர் ஓக் வரிசையோ, தைல மரமோ, வீட்டுச் சுவரோ மறைத்தால் அந்தப் பக்கத்து இலை பட்டினிதான்.

*காற்று:* ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று இளங்கொழுந்தைக் காயவைத்து, மரத்தையே கிழக்கே சாய்த்துவிடும். மலை விளிம்புத் தோட்டங்களில் எல்லாக் கன்றும் ஒரே திசையில் கோணலாக இருந்தால் காற்றுதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

இப்படிப் பார்த்தால் வில்பட்டிக் கடிதத்தில் இருக்கும் இரண்டு மரங்களும் வெவ்வேறு நோயாளிகள். நாலு விரல் உயரத்தில் பிரிகிற கிளை பெரும்பாலும் ஒட்டுக்குக் கீழே வந்ததாகத்தான் இருக்கும். ஒட்டு பொதுவாக ஒரு சாண் உயரத்தை ஒட்டித்தான் கட்டப்படுகிறது. இரண்டாவது மரத்தில், மெலிந்த பக்கமும் சில்வர் ஓக் நிற்கும் பக்கமும் ஒன்றாக இருக்கின்றன.

ஒரே வீடு, தனித்தனி அடுப்பு

“பெரிய கிளையை எடுத்துவிட்டால் அதற்குப் போகிற சத்து சின்னதுக்குப் போகும்” என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. மரத்தின் உள்விவகாரம் அப்படி இல்லை. கிளைகள் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருப்பவர்களைப் போல. தண்ணீரும் உப்புச் சத்தும் வேரிலிருந்து பொதுவாக வருகின்றன. சாப்பாட்டை, அதாவது சர்க்கரையை, ஒவ்வொரு கிளையும் தன் இலையில்தான் சமைத்துக்கொள்கிறது. இலை நிறைந்த கிளை அதிகத் தண்ணீரை இழுக்கும், அதிகம் சமைக்கும், இன்னும் அதிக இலை விடும். நிழலில் இருக்கும் கிளைக்கு எல்லாமே குறைவு. பெரிய கிளை தன் பங்கிலிருந்து சின்னதுக்கு அள்ளிக் கொடுப்பதில்லை. அதனால்தான் சிறிய கோணல் ஆண்டுக்கு ஆண்டு பெரிய கோணலாகிறது. சும்மா விட்டால் தானாகச் சரியாகும் என்ற மாமனாரின் நம்பிக்கை, வெளிச்சம் கிடைக்காத மரத்தில் பலிக்காது.

சரி, செழித்த கிளையைப் பாதியில் வெட்டினால்? நுனி போனதும், அந்த நுனி அடக்கி வைத்திருந்த கணுமொட்டுகள் விழித்துக்கொள்ளும். வெட்டுவாய்க்குக் கீழே மூன்று நான்கு போத்துகள் விளக்குமாறு போல் நேராகக் கிளம்பும். அதிலும் இலை உதிர்ந்த மார்கழி, தையில் கடுமையாக வெட்டினால், வேரிலும் தண்டிலும் சேர்ந்திருக்கும் சத்து முழுக்க மிச்சமிருக்கும் அந்தச் சில மொட்டுகளுக்கே போய்ச் சேரும். ஒரு மழைக்காலம் கழிந்து பார்த்தால் ஒரு கிளை இருந்த இடத்தில் நாலு கிளை. சின்னக் கிளை அதே இடத்தில்.

நுனி ஏன் மற்ற மொட்டுகளை அடக்குகிறது? கொழுந்தில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைப்பதில் பங்கெடுக்கிறது என்று கென்னத் திமானும் ஃபோல்கே ஸ்கூகும் 1933இல் காட்டினார்கள். அதற்கும் முன்னால், இங்கிலாந்தில் ஆப்பிள், பேரி ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட், 1806இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நீரோடையில் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்க விட்டார். முளைத்த தண்டெல்லாம் சக்கரத்தின் மையத்தை நோக்கியும், வேரெல்லாம் வெளிப்பக்கமாகவும் வளர்ந்தன. தண்டுக்கு மேல் எது, கீழ் எது என்பது புவி இழுவிசையால் தெரிகிறது என்பதற்கு அதுவே முதல் சான்று.

விவசாயிக்கு இதில் கிடைக்கும் பயன் ஒரே வரியில் அடங்கும்: கிளை நிமிர்ந்து நின்றால் நுனி ஓடும், சாய்ந்தால் நுனி மட்டுப்படும், கிளை நெடுகிலும் மொட்டு விழிக்கும். மரத்தில் மிக உயரத்தில் இருக்கும் நுனி எதுவோ, அதுதான் தலைவன். ஆகவே கோணலைத் திருத்த முதல் கருவி கத்தி அல்ல, கயிறு.

பெரியதைச் சாய், சின்னதை நிமிர்த்து

வில்பட்டியின் இரண்டாவது மரம் போன்றவற்றுக்கு இந்த வழி பொருந்தும்.

முதலில் வெளிச்சம். பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசி, சில்வர் ஓக்கின் கீழ்ப்பகுதிக் கிளைகளைக் கழித்துவிடச் சொல்ல வேண்டும். மிளகுக் கொடி ஏற்றும் தோட்டங்களில் நிழல் கழிப்பது ஆண்டுதோறும் நடக்கிற வேலைதான். இது நடக்காமல் மற்ற எதைச் செய்தாலும் பலன் பாதிதான்.

அடுத்தது, ஓடுகிற கிளையைச் சாய்ப்பது. மாசி, பங்குனியில் மொட்டு விரிந்து சாறு ஏறத் தொடங்கும்போது கிளை நன்றாக வளையும். உறங்கும் மரத்தில் வளைத்தால் முறியலாம். கிளையை அடியிலிருந்து மெல்ல இரண்டு மூன்று முறை நீவிவிட்டு, நடுத்தண்டிலிருந்து விலக்கி, நேர்நிலைக்கும் கிடைநிலைக்கும் நடுவே சற்றுத் தாழ்வாக வரும்படி இழுக்க வேண்டும். சணல் கயிறோ, பழைய வேட்டிக் கிழிசலோ போதும். ஒரு முனையைக் கிளையில் தளர்வான கண்ணியாகப் போட்டு, மறுமுனையைத் தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டலாம். கம்பியும் நைலான் கயிறும் பட்டையை அறுக்கும்; வேண்டாம். கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும், கிளைக்கும் தண்டுக்கும் நடுவே கவைக்குச்சியை முட்டுக் கொடுப்பதும் மலைத்தோட்டங்களுக்குத் தெரிந்த முறைதான். பேரி, பிளம்ஸ் மரங்களின் நடுப்பகுதியைத் திறந்துவிட இவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளும் சொல்கின்றன. காற்று அதிகமுள்ள இடத்தில் கல் ஊசலாடி கிளையை உலுக்கும். அங்கே முளைக்குச்சியே நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிளையை வில்லாக வளைத்து நுனியைத் தரையை நோக்கித் தொங்கவிடக் கூடாது. அப்படிச் செய்தால், வளைவின் உச்சியில் இருக்கும் மொட்டு “இனி நான்தான் தலைவன்” என்று நேராக ஒரு போத்தை விடும். கிளை நேர்கோடாகச் சாய வேண்டும், வளையக் கூடாது.

மூன்றாவது, மெலிந்த கிளையை நிமிர்த்துவது. பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, அந்தக் குச்சியைக் கூடிய வரை நேராக இருக்கும்படி தளர்வாகக் கட்ட வேண்டும். அதன் நுனியையும் இலையையும் தொடவே கூடாது. அதற்கு இருக்கும் அடுப்பு அதுதான். பெரிய கிளையை எட்டிப்பிடிக்கும் வரை நிமிர்ந்து ஓடட்டும். பிறகு அதையும் மற்றதைப் போலச் சாய்த்துக்கொள்ளலாம்.

கட்டியதை மறந்துவிடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கண்ணியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மரம் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும்; அவிழ்த்ததும் பழைய இடத்துக்கு எழும்பினால் மறுபடி கட்டலாம்.

கிளையே இல்லாத பக்கத்துக்கு ஒரு கீறல்

மெலிந்த கிளைகூட இல்லாமல் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தால், அங்கே உறங்கும் கணுமொட்டை எழுப்பலாம். தை கடைசியில், மொட்டு விரிவதற்குச் சற்று முன்னால், கிளை வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குச் சரியாக மேலே, அரை விரல் இடைவெளியில், பட்டையில் மட்டும் பிறை வடிவில் ஒரு சிறு கீற்று வெட்டி எடுக்க வேண்டும். தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. உள்ளே வெள்ளை மரம் தெரிந்தால் போதும். மேலிருந்து இறங்கும் “உறங்கு” என்ற சேதி அந்த இடத்தில் தடைபட, மொட்டு விழிக்கும். கீறலை மொட்டுக்குக் கீழே போட்டால் பலன் தலைகீழாகும். அந்த மொட்டு இன்னும் அடங்கிப்போகும். ஒரு தண்டில் ஒரே உயரத்தில் சுற்றிலும் கீறினால், அந்த வெட்டே மரத்துக்கு எமனாகும்.

கத்தி எப்போது?

கயிறு மட்டும் போதாத இடங்களும் உண்டு. அங்கே வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

*ஒட்டுக்குக் கீழே வந்த கிளை:* வில்பட்டியின் முதல் மரம் இப்படித்தான் தெரிகிறது. ஒட்டுப் பகுதியைத் தேடிக் கண்டு, கிளை அதற்குக் கீழேதான் கிளம்புகிறது என்று உறுதியானால், சாய்ப்பதும் நிமிர்த்துவதும் வீண். அந்தக் கிளை எவ்வளவு செழித்தாலும் காய்க்கப்போவது நாட்டுப் பேரிதான். இலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: மேல்செடியின் இலையை விடச் சிறியதாகவோ, ஓரம் வேறு விதமாகவோ, கிளையில் முள் போன்ற நுனிகளோ இருந்தால் சந்தேகமே இல்லை. தண்டை ஒட்டி, மிச்சம் வைக்காமல் முழுதாக எடுத்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அதிலிருந்தே மறுபடி துளிர்க்கும். பிறகு வரும் துளிர்களை, விரலால் கிள்ளும் பருவத்திலேயே உரித்துவிட வேண்டும்.

ஒருவேளை மேல்செடி ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தால்? அப்போது கிளையை வெட்டி எறிய வேண்டாம். இரண்டு ஆண்டு வேர் பிடித்த அந்த வேர்ச்செடி ஒரு சொத்து. மற்ற நான்கு நல்ல மரங்களில் ஒன்றிலிருந்து குச்சி எடுத்து, இலை உதிர்ந்திருக்கும் பருவத்தில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவரைக் கொண்டு அதன் மேலேயே மறுபடி கட்டலாம். புதுக் கன்று வாங்கிக் குழி வெட்டுவதைவிட இது சீக்கிரம் தேறும்.

*ஒரே இடத்தில் பிரியும் இரட்டைத் தண்டு:* இரண்டும் சம பருமனில், ஆங்கில ‘வி’ எழுத்து போலக் குறுகிய கவையில் நெருங்கி நின்றால், நடுவே பட்டை சிக்கிக்கொள்ளும். மரமும் மரமும் ஒட்டாது. காய்ப் பாரம் ஏறும்போது முதலில் கிழிவது இந்தக் கவைதான். கட்டைவிரல் தடிமனாகும் முன்பே இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். பேரிக்கு இயல்பிலேயே கிளை நிமிர்ந்து நெருங்கும் குணம் உண்டு என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

*சாய்த்தும் அடங்காத கிளை:* நடுவில் கண்ட இடத்தில் நறுக்காமல், வெளிப்பக்கம் பார்த்து வளரும் ஒரு மெலிந்த பக்கக்கிளை எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். இனி அந்தப் பக்கக்கிளைதான் நுனி. உயரமும் குறையும், வேகமும் குறையும், விளக்குமாறும் வராது.

கவாத்துக்கு ஏற்ற காலம், இலை உதிர்ந்து மரம் உறங்கும் டிசம்பர், ஜனவரி. அந்தப் பருவத்திலும் கொட்டும் மழையிலோ, பனி உறைந்திருக்கும் காலைப் பொழுதிலோ வெட்டக் கூடாது. கத்தரியை மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ள வேண்டும். பெரிய வெட்டுவாய்க்குப் போர்டோ பசை பூசலாம். வீட்டுத் தேவைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, பிறகு கலந்துகொள்ளலாம். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவையில் பளிச்சென்ற அரிவாள் நுனியை முக்கிப் பார்த்தால், செம்பு நிறம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு தேவை.

மூன்று நான்கு கிளை போதும்

சீரான மரம் என்றால் எல்லாப் பக்கமும் அளந்து வைத்தாற்போல் இருக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் பேரிக்கும் பிளம்ஸுக்கும் நடுப்பகுதி திறந்த, கிண்ணம் போன்ற வடிவமே ஏற்றது. நட்டதும் கன்றை இரண்டரை அடி உயரத்தில் நறுக்கிவிட்டு, ஒன்றரை அடிக்கு மேல் வரும் துளிர்களில், திசைக்கொன்றாக மூன்று அல்லது நான்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அவை தண்டில் ஒரே புள்ளியில் பிரியாமல், ஒன்றுக்கொன்று அரை அடியாவது மேலும் கீழுமாக இருப்பது பலம். அவற்றின் நுனிகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று அடக்காது. முதல் இரண்டு மூன்று ஆண்டு இதை மட்டும் கவனித்தால், பிற்பாடு கவாத்து எளிது.

புதுக்கன்று முதல் ஆண்டில் மேலே மெதுவாகத்தான் வளரும். அப்போது அது வேர் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஆண்டின் சின்னக் கோணலைக் கண்டு பதறக் கூடாது. அந்த அளவில் மாமனார் சொல்வது சரி. மெலிந்த கிளை தேறட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவதும் தவறு. உரத்தை முதலில் இழுப்பது செழித்த கிளைதான், கோணல் கூடும். மக்கிய எருவும் மூடாக்கும் கோடையில் தண்ணீரும் போதும்.

நட்டு ஓராண்டுக்குள் இருக்கும் கன்றுக்கு இன்னொரு வழியும் உண்டு. உறங்கும் பருவத்தில், வேர் மண்ணோடு அகலமாகத் தோண்டி எடுத்து, மெலிந்த பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்பி நடலாம். அதற்கு மேல் வயதான கன்றுக்கு இது வேண்டாம்.

கீழ்மலைக்கு வேறு கணக்கு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, தடியன்குடிசைப் பக்கம் இப்போது வெண்ணெய்ப்பழக் கன்று நடாத தோட்டம் குறைவு. அதற்கும் சாய்ப்பது, நிமிர்த்துவது என்ற முறை பொருந்தும். ஆனால் அது இலை உதிர்க்காத மரம். மார்கழியில் பேரியைப் போல வெட்டக் கூடாது. ஓடும் கிளையின் கொழுந்தை, இளசாக இருக்கும்போது விரலால் கிள்ளிவிட்டாலே பாதி அடங்கும். கிளையை எடுத்து, அதுவரை நிழலில் இருந்த தண்டில் திடீரென வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும். நீர்த்த சுண்ணாம்பை வெள்ளையடித்துவிட்டால் தப்பிக்கும்.

திருத்தவே முடியாத கோணலும் ஒன்று உண்டு. மிளகு போட்டவர்களுக்கு இது புரியும்: காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அது கொடியாக ஏறாது, புதர் மிளகாகவே இருக்கும். பக்கக்கிளைக்குப் பக்கமாக வளரும் குணம் மறப்பதில்லை. காப்பியிலும் ஜாதிக்காயிலும் இப்படித்தான். ஜாதிக்காயில் பக்கவாட்டுக் கிளையிலிருந்து குச்சி எடுத்துக் கட்டிய ஒட்டு, எத்தனை கம்பு நட்டுக் கட்டினாலும் படர்ந்துதான் வளரும். நேராக வளரும் மரம் வேண்டுமென்றால், நிமிர்ந்த தண்டிலிருந்து எடுத்த குச்சியில் கட்டிய ஒட்டா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

வாங்கும் இடத்திலேயே பாதி வேலை

நர்சரியில் உயரமான கன்றுக்குத்தான் எல்லோரும் கை நீட்டுவார்கள். நெருக்கி அடுக்கிய பைகளுக்கு நடுவே வெளிச்சம் தேடி உயர்ந்த கன்றுக்கு உயரம் பலம் அல்ல. இவற்றைப் பார்க்கலாம்:

- தண்டு பென்சிலை விடத் தடித்து, காற்றில் தானாக நிற்கிறதா?
- ஒட்டுப் பகுதி முழுதாகச் சேர்ந்திருக்கிறதா? அதற்குக் கீழே துளிர் இருக்கிறதா?
- நாடா அழுந்தியிருக்கிறதா?
- தண்டைச் சுற்றி நாலு பக்கமும் உயிருள்ள கணுமொட்டு இருக்கிறதா? கிளை இல்லாவிட்டாலும் மொட்டு இருந்தால் போதும். கிளையை நாமே வரவழைத்துக்கொள்ளலாம்.
- பையின் அடியில் வேர் வெளியே வந்து தடித்துக் கிடக்கிறதா? அது பையில் அதிக நாள் கிடந்த கன்று.
- எந்த ரகம், எந்த வேர்ச்செடி என்று விற்பவரால் சொல்ல முடிகிறதா?

நேரில் பார்த்துக் கேட்க, மேல்மலைக்காரர்களுக்குக் கொடைக்கானலிலும் கீழ்மலைக்காரர்களுக்குத் தடியன்குடிசையிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. டி.கே.டி.-1 என்ற வெண்ணெய்ப்பழ ரகம் தடியன்குடிசையிலிருந்து வந்ததுதான். கோணலான கிளையை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இரண்டு மரம், இரண்டு தீர்ப்பு

வில்பட்டி வீட்டுக்கு இனி பதில் சொல்லலாம். முதல் மரத்தில் ஒட்டைத் தேடிப் பாருங்கள். பெரிய கிளை அதற்குக் கீழே என்றால், இலை உதிர்ந்ததும் வீட்டுக்காரர் கையில் கத்தரியைக் கொடுத்துவிடுங்கள்; நடுத்தண்டு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் கத்தரியை வைத்துவிட்டு, ஒட்டுக் கட்டுபவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது மரத்தில் கத்தரிக்கு வேலை இல்லை. முதலில் நிழல் கழிப்பு. மாசியில் கிழக்குக் கிளைக்கு முளைக்குச்சியும் கயிறும், மேற்குக் குச்சிக்கு ஒரு கம்பு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கட்டுத் தளர்த்தும் வேலையை மாமாவிடம் விடலாம். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை வரும்.